மறுநாள் போன் செய்யும் ராபியாக்கா

ராபியாக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் ஒரு குழந்தையின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையநல்லூரிலிருந்து அவருடைய தங்கை மகள் மும்தாஜ் பேசினாள். "பெரியம்மா விடியக்காலம் போயிட்டாவ டாக்டரம்மா. தூக்கத்துலயே போயிட்டாவ. மூச்சுத் திணறல் இல்ல, ஒரு கஷ்டமும் படல. நீங்க மொதல்ல அதத்தான் கேப்பீங்கன்னு தெரியும், அதான் சொல்லிட்டேன்" என்றாள்.

ரிசப்ஷனில் இருக்கும் செல்வியிடம் சொன்னேன். அவள் வராந்தாவில் காத்திருந்தவர்களிடம் சொன்னாள். யாரோ ஒருவர், "மாத்திரைய மறந்துட்டேன்னு ஒருக்க போன்ல சொன்னேன். 'காப்பி குடிக்க மறந்தீரா'ன்னு கேட்டாவ" என்றார். இன்னொரு அம்மாள், "என்னய காய்ச்சல் தூக்கத்துலருந்து எழுப்பிவிட்டுல்லா கேட்டாவ" என்றார். அடுத்து ஒருவர், அதற்கடுத்து ஒருவர். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தபோது வராந்தா முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சாவுச் செய்தி இப்படி வாங்கிக்கொள்ளப்பட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. அவருக்கு அது பிடித்திருக்கும்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவர் குரலை மட்டுமே அறிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராபியாக்கா சங்கரன்கோவில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவர். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலத்தில் இந்த ஊரையும் வெளியூர்களையும் இணைத்தவர். எல்லாம் தானியங்கியான பிறகு அதே அலுவலகத்தில் புகார் கேட்கும் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றார். கணவர் தையல்கடை வைத்திருந்தார், சீக்கிரமே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. குட்டையான உருவம், பெரிய கண்ணாடி, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை உதட்டை அசைக்காத முகம். சிரிக்க ஆரம்பித்தால் மட்டும் தோள் இரண்டும் குலுங்கும்.

நானும் என் கணவர் நடராஜனும் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி நடத்துகிறோம். இருவருமே பொது மருத்துவர்கள். ராபியாக்கா முதல்முறை என்னிடம் வந்த நாள் செவ்வாய்க்கிழமை, சந்தைக் கூட்டம். பேசன்ட் சீட்டில் நர்ஸ் குறித்திருந்த பிரஷரைப் பார்த்தேன், அதிகம். உப்பைக் குறைக்கச் சொன்னேன், மாத்திரை எழுதினேன், சீட்டை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வேற என்னம்மா?" என்றேன்.

"வேற ஒண்ணும் இல்ல. நான் எதுக்கு வந்தேன்னு இனிமேத்தான் சொல்லணும்."

அவர் வந்தது இடது காதில் விடாமல் கேட்ட இரைச்சலுக்காக. பிரஷர் இருப்பது அவருக்கே தெரியாது. நான் அசடு வழியக் காதைப் பார்த்தேன். அழுக்கு அடைத்திருந்தது. எடுத்துவிட்டதும் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இப்ப உங்க ஃபேன் சத்தம் போடுது" என்றார். போகும்போது, "நீங்க நல்ல டாக்டருதான். ஆனா கேக்குறதுக்குள்ள எழுதிருதீங்க" என்றார். அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு ஒரு ஆசை வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு நோயாளிகளின் கருத்தைக் கேட்டுத் தொகுத்து வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. நாங்களும் ஒரு படிவம் அச்சடித்தோம். மிகவும் திருப்தி, திருப்தி, திருப்தியில்லை என்று மூன்று கட்டங்கள். ஒரு மாதத்தில் ஒரு கட்டு சேர்ந்தது. எல்லாமே மிகவும் திருப்தி. நடராஜன் அதை எடுத்து எடுத்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்.

மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்த ராபியாக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் பத்துப் பதினைந்து தாள்களைப் புரட்டினார். "எல்லா டிக்கும் ஒரே கையா இருக்கே" என்றார்.

செல்வியைக் கூப்பிட்டோம். அவள் மறைக்கவில்லை. "எழுதத் தெரியாதவங்க நிறைய வாராங்கக்கா. அதான் நானே திருப்திதானன்னு கேட்டு டிக் போட்டேன்."

"எங்கன வச்சு கேட்ட?" என்றார் ராபியாக்கா.

"இங்கதான், கவுண்டர்ல."

"டாக்டரம்மா ரூமு கதவுக்கு நேரா வச்சுக் கேட்டா, ஆளு திருப்தின்னுதான சொல்லும் ஏட்டி. நாளைக்கும் இதே ஆஸ்பத்திரிக்குத்தான வரணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, ஒண்ணு செய்யலாமா? சம்மதிக்கிறவங்க நம்பரக் குடுங்க. மறுநாள் நான் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேக்கேன். திருப்தியான்னு கேக்கமாட்டேன். உங்களுக்கு என்ன நோய்னு சொன்னாங்க, மருந்த எப்படிச் சாப்பிடணும், என்ன ஆனா ஒடனே ஓடி வரணும். இந்த மூணுதான். அவிய பதில் சொல்லிட்டா நீங்க நல்லா பாத்திருக்கீங்கன்னு அர்த்தம்."

மருந்து அட்டைப்பெட்டிகள் அடுக்கும் அறையில் ஒரு மேசையும் போனும் ஒரு நீள நோட்டும் கொடுத்தோம். காலை பத்து மணிக்கு வருவார். பன்னிரண்டரைக்குப் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

முதல் வாரத்து நோட்டை அவர் எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டிய மதியத்தை நான் மறக்க முடியாது. பாதிக்குமேல் பேருக்குத் தங்களுக்கு என்ன நோய் என்றே சொல்லத் தெரியவில்லை. "ஊசி போட்டாவ, அந்த நோய்தான்" என்றிருந்தார் ஒருவர். சிவகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் என்று நான் எழுதிக்கொடுத்த மாத்திரையை இரண்டு வேளைதான் சாப்பிட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் ரெண்டு வேளதானம்மா சாப்பிடுதேன். மூணாவதுக்கு எங்க போவேன்" என்றிருக்கிறார். நடராஜன் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த பக்கத்தில் அவருடைய நோயாளி வந்தார். நடராஜன் ஆங்கிலத்தில் சொன்ன நோயின் பெயரை அந்த அம்மாள் தன் மகளின் மாமியார் ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஊருக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் சொல்லி ஒரு சண்டையே நடந்திருந்தது. அப்போது நான் சிரித்தேன்.

ஆனால் எல்லா வாரமும் சிரிக்க முடியவில்லை. மூன்றாவது மாதம் எனக்குக் கோபம் வந்தது. நடராஜனின் நோயாளிகள் என்னுடையவர்களைவிடச் சரியாகப் பதில் சொல்கிறார்கள் என்று நோட்டு காட்டியது. "குறை கண்டுபிடிக்கிறதுக்குன்னே போன் பண்றீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

ராபியாக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நான் குறை சொல்லல டாக்டரம்மா. கேட்டத சொல்லுதேன். ஆபரேட்டரு பேச்ச மாத்தி அனுப்பக் கூடாதுல்லா" என்றார். மறுநாள் வழக்கம்போல் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். நான்தான் இரண்டு நாள் அந்த அறைப் பக்கம் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவரே டம்ளரில் காப்பி கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அத்தோடு அது முடிந்தது.

இனி சொல்லப்போவது என்னைப் பற்றியது. இதை ராபியாக்கா இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

ஒருநாள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பொன்மாரி என்ற பெண் தன் அம்மாவோடு வந்தாள். வேறொரு ஊரில் பிரசவமாகி ஆறு நாள் ஆகியிருந்தது. அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். தலைவலி என்றாள். அன்றைக்கு நர்ஸ் லீவு. கூட்டம் வாசல்வரை நின்றது. தூக்கமில்லாததால் வரும் வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினேன். பிரஷர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். நான் நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது ராபியாக்கா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அதுவரை ஒருநாளும் அப்படி வந்ததில்லை. கையில் போன் இருந்தது.

"நேத்து வந்த பொன்மாரி. தலவலி கொறையலங்கா. கண்ணு முன்னால வெள்ளை வெள்ளையா மின்னுதுங்கா. பேச்சும் இழுக்கு. லைன நான் கட் பண்ணல, அவ அம்மா கையில இருக்கு, பேசுங்க."

நேற்றைய சீட்டை எடுத்தேன். பிரஷர் என்று அச்சடித்த இடம் வெறுமையாக இருந்தது. பிரசவத்துக்குப் பின் பிரஷர் எகிறினால் வலிப்பு வரும், உயிரே போகலாம் என்று எந்த டாக்டருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த அம்மாளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நடராஜன் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அரசு மருத்துவமனை டாக்டரைக் கூப்பிட்டு வலிப்புக்கான ஊசி மருந்தைத் தயாராக வைக்கச் சொன்னார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினேன்.

ராபியாக்கா ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை போனை வைக்கவில்லை. செல்வி பிறகு சொன்னாள். "புள்ளைய ஒருபக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க. வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. கைப்புள்ளைய அடுத்த வீட்டம்மாகிட்ட குடுங்க. நான் இங்கனதான் இருக்கேன், எங்கயும் போகல" என்று அந்தத் தாயிடம் ஒரே குரலில், அவசரமே இல்லாத குரலில், பேசிக்கொண்டே இருந்தாராம். இவர் பதறியிருந்தால் அந்த அம்மாள் உடைந்துபோயிருப்பார் என்றாள் செல்வி.

அரசு மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுபோகும்போதே பொன்மாரிக்கு வலிப்பு வந்தது. மருந்து தயாராக இருந்தது, போட்டதும் வலிப்பு நின்றது. அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினோம். பத்து நாளில் வீட்டுக்கு வந்தாள். நான் அவள் வீட்டுக்குப் போய், முதல்நாளே பிரஷர் பார்த்திருக்க வேண்டும், பார்க்காதது என் தவறு என்று சொன்னேன். அவள் அம்மா, "அந்தப் போன்ல பேசுனம்மாவ நான் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ராபியாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை மேசைமேல் நோட்டின் மீது படுத்துத் தூங்கியது.

நடந்ததை நோட்டில் நானே எழுதினேன். ராபியாக்கா வாசித்துவிட்டு, "எல்லாம் சரியா எழுதிருக்கீங்க. ஆனா நர்சு லீவுன்னு மொத வரியில எழுதிருக்கீங்க. அத கடைசிக்குக் கொண்டு போங்க" என்றார். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்காத சீட்டு டாக்டர் மேசைக்கு வராது. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருக்கும் பெண்களுக்கு டோக்கன் கிடையாது, நேராக உள்ளே வரலாம். காத்திருப்பவர்களை அரைமணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். மூன்றும் அந்த வாரம் எழுதியவை.

இவ்வளவு கனமான கதைகளை மட்டும் சொன்னால் ராபியாக்கா என்னை மன்னிக்கமாட்டார். விசைத்தறி ஓட்டும் முருகேசனின் முழங்கால் கதையையும் சொல்ல வேண்டும். அவருக்கு நான் கொடுத்த வலி மாத்திரையை அவர் தொடவே இல்லை என்று மறுநாள் போனில் தெரிந்தது. ராபியாக்கா விடவில்லை. கால்மணி நேரம் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைக்க வேண்டும். "எனக்கு வலி போகவேண்டாம்க்கா. அஞ்சு நிமிசம் கீழ உக்காந்தா போதும். இதுக்கெல்லாம் டாக்டரு மருந்து குடுப்பாங்களான்னு கேக்கல" என்றிருக்கிறார். அவரைத் திரும்ப வரவழைத்து ஒரு மாதம் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம். காதுகுத்துக்கு எங்கள் மூவருக்கும் பத்திரிகை வந்தது. முருகேசன் மணையில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தபோது, பிள்ளை வீறிட்ட சத்தத்தையும் மீறி ராபியாக்கா கைதட்டினார். கூட்டத்தில் யாருக்கும் காரணம் புரியவில்லை. முருகேசனுக்கு மட்டும் புரிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ராபியாக்காவுக்கு இரண்டாவது பாயசத்தை அவரே கொண்டுவந்து ஊற்றினார்.

பிறகு சான்றிதழுக்காக ஆய்வு செய்ய இருவர் வந்தார்கள். மூத்தவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "யார் இதைச் செய்தது, அவருடைய தகுதி என்ன?" என்று கேட்டார். ராபியாக்கா எழுந்து நின்று, "முப்பது வருசத்துக்கு மேல இந்த ஊரு பேசுனத கேட்டிருக்கேன் சார். ஒருத்தர் பேசுனத இன்னொருத்தர்கிட்ட சொன்னதில்ல. அதுதான் தகுதி" என்றார். மூத்தவர் மறுபடி பக்கங்களைப் புரட்டினார். புரட்டும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றை விழுங்கினார்.

"அது எதுக்கு சார்?" என்று ராபியாக்கா கேட்டார்.

"பிரஷருக்கு. இல்ல, கொழுப்புக்கு." அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு."

"காலையிலயா ராத்திரியா சாப்பிடச் சொன்னாங்க?"

அவர் மறுபடியும் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். ராபியாக்காவின் தோள்கள் குலுங்கத் தொடங்கிவிட்டன. கூட வந்த இளைய அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முறை எங்களுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை, தீயணைப்பு உருளையின் கெடு முடிந்திருந்தது. அடுத்த முறை கிடைத்தது. சட்டம் போட்டு மாட்டிய அன்று ராபியாக்கா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. கீழ ஒரு நாற்காலி போட்டா இன்னும் நல்லாருக்கும், நிக்கிறவிய உக்காருவாவ" என்றார். போட்டோம்.

சென்ற ஆண்டு அவருடைய இதயம் பலவீனப்பட்டது. கால் வீங்கியது. நான் ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு சுற்றிவளைத்துப் பேசினேன். அவர் கேட்டுவிட்டு, "மருந்து தண்ணிய எறக்கும், இருதயத்த புதுசாக்காது. அவ்வளவுதான?" என்றார். ஆமாம் என்றேன். "இப்பத்தான் எனக்கு வெளங்குத மாதிரி சொல்லிருக்கீங்க" என்று பாராட்டினார். சொன்னது அவர்தான், நான் இல்லை. கடையநல்லூரில் மும்தாஜ் வீட்டுக்குப் போனபிறகும், முடிந்த நாட்களில் கட்டிலில் சாய்ந்தபடி பத்துப் பேருக்காவது போன் செய்தார். ஆறு மணிக்குச் செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லுவார், அவள் எழுதிக்கொள்வாள்.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு மதியம் எனக்குப் போன் வந்தது. நோட்டு விஷயம் என்று நினைத்து பேனாவை எடுத்தேன்.

"எழுத ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. இத்தன வருசமா ஊர்ல எல்லாரையும் கேட்டாச்சு. உங்கள ஒருநாளும் கேக்கல. எப்படி இருக்கீங்க?"

நன்றாக இருக்கிறேன் என்றேன். போனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில், யாரிடமும், நடராஜனிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். பொன்மாரிக்குப் பிறகு, பிரசவமான பெண் எவளாவது தலைவலி என்று வந்து உட்கார்ந்தால் என் கை நடுங்குகிறது. இத்தனை வருடம் கழித்தும் நிற்கவில்லை. தொழிலை விட்டுவிடலாமா என்றுகூடச் சில நாள் தோன்றியிருக்கிறது.

"நடுங்குன கைய என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"பிரஷர் மிஷின எடுப்பேன்."

"பெறவு என்ன. அது பாட்டுக்கு நடுங்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு இருபது நிமிடம் என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முருங்கைக்கீரை பற்றி, செல்வியின் கல்யாணம் பற்றி, மும்தாஜின் கடைக்குட்டி பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைக் கேள்வி கேட்டு மடக்கியது பற்றி.

அடக்கம் அவர் இறந்த அன்றைக்கே மதியத் தொழுகைக்குப் பிறகு நடந்தது. ஆஸ்பத்திரி வேனில் எல்லோரும் கடையநல்லூர் போய் வந்தோம். சாயங்காலம் ஓ.பி. உண்டா என்று செல்வி கேட்டாள். உண்டு என்றேன். மூன்று பேரைப் பார்த்து முடித்தபோது, பிறந்து சில நாளே ஆன குழந்தையோடு ஒரு பெண் டோக்கன் இல்லாமல் நேராக உள்ளே வந்தாள். தலைவலி என்றாள். சீட்டில் நர்ஸ் குறித்திருந்த பிரஷர் சரியாகவே இருந்தது. ஆனாலும் நான் கருவியை எடுத்து, நடுங்கும் கையாலேயே அவள் கையில் சுற்றினேன். ராபியாக்கா சொன்னபடி அது பாட்டுக்கு நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது அதைக் குறித்து எனக்கு வெட்கமில்லை. அளவு சரியாக இருந்தது. அவளிடம் சொன்னேன், அவள் சிரித்தாள். பிறகு பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, "சொல்லும்மா" என்றேன்.